ரெண்டாங் தோசை வண்டியில் சரசு அக்காவின் முகம்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே நம்ம சாப்பாடெல்லாம் கெடைக்குதா?" கிடைக்கிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. தோசை கிடைக்கிறது, ஆனால் அதன்மேல் கொரியாக்காரர்களின் புளித்த முட்டைக்கோஸ் இருக்கிறது. ரசம் கிடைக்கிறது, அதற்குள் தாய்லாந்து இறால் நீந்துகிறது. பாயசம் பச்சையாக இருக்கிறது. விசாரித்தால் ஜப்பான் தேயிலைத் தூள் என்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை வளரும் மலையில் நின்றுகொண்டு, கப்பலில் வந்த தேயிலைத் தூளைப் பாயசத்தில் கலந்து விற்கிறார்கள். அதை வாங்க வரிசையும் நிற்கிறது.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள், உலர்த்தும் அடுப்பு, வெப்பமும் ஈரமும் காட்டும் உணரிகள் ஆகியவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. கரூரிலிருந்து வந்து மூன்று வருடம் முடிந்த சனிக்கிழமை அன்று, இதைக் கொண்டாட வேண்டாமா என்று எனக்கே தோன்றி, பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி கியா பார்ம் போகும் வழியில் புதிதாக நின்ற உணவு வண்டிக்குப் போனேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு சீனச் சொல், ஒரு தமிழ்ச் சொல், நடுவில் ஒரு கூட்டல் குறி. உலகத்தில் ஒட்டாத எதையும் கூட்டல் குறி போட்டு ஒட்டிவிடலாம் என்பது அந்த வண்டிக்காரனின் நம்பிக்கை.

அவன் பெயர் கெவின். கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பையன். வீட்டில் வேறு பெயர் இருக்கும். கையில் தட்டும் திரையைப் பார்த்தபடியே, "ஹாய் சிஸ், ஃபர்ஸ்ட் டைமா?" என்றான். ஆமாம் என்றேன். "வெல்கம்," என்று திரையிடம் சொன்னான்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது என் நோக்கமில்லை என்றாலும் சில குறைகளைப் பதிவு செய்கிறேன். ஊத்தப்பம் நடுவில் வேகவில்லை. சட்னி என்று கொடுத்தது இனித்தது. காகிதத் தட்டு, எண்ணெய் பட்டதும் மடங்கியது. பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், சாப்பாடு ஆறும் வரை அதைப் படம் எடுத்தது. ஆறியதும் ஒரு வாய் வைத்துவிட்டு, "நைஸ்," என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனது. கரூரில் ஒரு தட்டுவண்டியில் இப்படி வேகாத தோசை கொடுத்தால், வாங்கினவர் அதைத் திருப்பிக் கல்லிலேயே போட்டு, "இதை நீ தின்னு பாரு" என்று சொல்லியிருப்பார். இங்கே வாடிக்கையாளர்கள் நைஸ் என்கிறார்கள். வண்டிக்காரன் தேங்க்யூ என்கிறான். இந்த மரியாதையில் தோசை ஒருநாளும் வேகப் போவதில்லை.

தட்டைப் போடக் குப்பைத்தொட்டியைத் தேடி வண்டியின் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். வண்டியின் முழு உயரத்துக்கும் சரசு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

2

சரசு அக்கா என் பக்கத்து வீடு. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். இப்போது தேயிலையைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நான் வந்த புதிதில், மத்தியானம், "பசியாறிட்டியாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் மட்டும்தான் என்று எனக்குத் தெரியாது. "காலையில தின்னதோடயா நிக்கிற?" என்று உள்ளே இழுத்துப்போய்ச் சோறு போட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் தங்கச்சி.

வண்டியில் இருந்தது வரைந்த படமில்லை. புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, மூக்கோரம் மச்சம். மூன்று கல் மூக்குத்தியில் நடுக்கல் விழுந்த பள்ளம்கூட அப்படியே தெரிந்தது. முதுகில் கொழுந்துக் கூடை. மற்றதெல்லாம் எவனோ கணினியில் சேர்த்தது. கூடையில் கொழுந்துக்குப் பதில் மிளகாயும் சீனர்கள் சாப்பிடும் குச்சிகளும் இருந்தன. பின்னால் ஒரு பகோடா. அதற்கும் பின்னால் ஒரு யானை. இந்த மலையில் குளிரில் நடுங்கும் யானையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்காவின் வாயிலிருந்து ஒரு வெள்ளைக் குமிழி கிளம்பியது. அதற்குள் ஆங்கிலத்தில், 'இதுதான் எனக்குப் பிடித்தது!' என்று எழுதியிருந்தது. குமிழிக்கு நேர் கீழே அந்த வண்டியின் பெருமைக்குரிய பலகாரம்: மாட்டிறைச்சி ரெண்டாங் தோசை, மலாய்க்காரர்களின் தேங்காய்ப்பால் வறுவலை உள்ளே வைத்தது. பெயர், எஸ்டேட் லேடி ஸ்பெஷல்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கல்லூரி விடுதியில் நானே சாப்பிட்டிருக்கிறேன். லயத்தின் கடைசி வீடுகளில் இருக்கும் கிறிஸ்தவர்கள் சிலர் கிறிஸ்துமஸுக்குச் சமைப்பார்கள், அதை யாரும் தப்பாகப் பேசியதில்லை. ஆனால் சரசு அக்கா வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. தொடாத ஒன்றைத் தனக்குப் பிடித்தது என்று அவள் வாயால் சொல்லவைக்க அவனுக்கு ஒரு குமிழி போதுமானதாக இருந்தது.

அன்று மாலை கைபேசியில் படத்தைக் காட்டினேன். முதலில் சிரித்தாள்.

"ஐயோ, இது நம்ம தேத்தண்ணி கடையில எடுத்ததாச்சே! கூடை அந்தக் கடைக் கூடைதாம்மா. டூரிஸ்ட் மாட்டிக்கிட்டுப் படம் எடுக்க ஆணியில தொங்குமே. ஒருத்தன் பெரிய கேமரா வெச்சிக்கிட்டு, ஆன்ட்டி ஒரு வாட்டி போட்டுக்குங்கன்னு கெஞ்சினான். நான் கொழுந்து எடுத்தே எத்தனையோ வருசம் ஆச்சு. இப்ப பங்களாதேசுப் பையனுங்க மெசின்ல வெட்டுறானுங்க. சரி, வீட்டுல கொண்டுபோய் மாட்டுவான் போலன்னு நின்னேன். லோரில மாட்டுவான்னு யாரு கண்டா?"

பிறகு குமிழியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அடுத்த வாரம் காப்பு கட்டுறாங்கம்மா," என்றாள்.

3

இது ஏன் விளையாட்டு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

சரசு அக்காவின் மகள் பவானி ஈப்போவில் இருக்கிறாள். பிரசவத்தின்போது தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று ஆகிவிட்டது. அக்கா இங்கே தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, இரண்டு பேரும் வீடு திரும்பினால் மூன்று திருவிழா தொடர்ந்து கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பினார்கள். இரண்டு வருடம் கரகம் எடுத்துவிட்டாள். இது மூன்றாவது. இடையில் விட்டால் முதல் இரண்டும் கணக்கில் வராது என்பது அவள் நம்பிக்கை. அதைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பவானிக்குப் படத்தை அனுப்பினோம். உடனே பதில் வந்தது, இதயக் குறிகளோடு: 'மா, சூப்பர் லா, வைரல் ஆயிட்டீங்க!' அதன்பின் பேரன் காணொளியில் வந்து அக்காவை ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு மலாயில் விடைபெற்றான். யாருக்காக இந்த வேண்டுதலோ அவர்களுக்கு வேண்டுதல் என்பது பாட்டி செய்யும் ஏதோ ஒரு உடற்பயிற்சி. அக்கா அதற்கும் தலையாட்டி முத்தம் கொடுத்தாள்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. மஞ்சள் கயிற்றில் காப்பைக் கட்டிக்கொண்டு அக்கா நிமிர்ந்தபோது, கோயில் தலைவர் மாணிக்கம் தொண்டையைச் செருமினார். ஒரு காலத்தில் இவர் தோட்டத்தில் கங்காணி. கங்காணி வேலை போய்விட்டது, குரல் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

"சரசு, ஒரு பேச்சு கெளம்பியிருக்கு. டவுன்ல ஒரு லோரில ஓன் மொகம் இருக்கு. மாட்டெறச்சி புடிக்கும்னு சொல்ற மாதிரி இருக்கு. அந்த மொகத்தோட கரகம் தூக்கினா நாளைக்கி ஊர் என்னா பேசும்?"

"அண்ணே, அது நானா ஒட்டினது?"

"நீ ஒட்டல, சரி. ஆனா ஒட்டியிருக்குல்ல? படத்த எடுக்கச் சொல்லு. எடுத்துட்டா நீ தூக்கு. இல்லன்னா இந்த வருசம் வேற யாராச்சும் தூக்கட்டும்."

காப்புக் கட்டினவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். இங்கே ஊர் என்றால் தோட்டம், எல்லை என்றால் பெரிய சாலையோரம் நிற்கும் தோட்டத்துப் பெயர்ப்பலகை. காப்பைக் கட்டிவிட்டு, பிறகு போய்ப் படத்தை எடுக்கச் சொல் என்கிறார் தலைவர். முன்னால் சொல்லியிருந்தால் அவளே போயிருப்பாள். ஆனால் முன்னால் சொன்னால் கூட்டம் இருக்காதே.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போவதாகச் சொன்னேன்.

4

வாடிக்கையாளராக இரண்டாவது முறை போனேன். "ஹாய் சிஸ், ஃபர்ஸ்ட் டைமா?" என்றான் கெவின், திரையைப் பார்த்தபடி.

படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். புகார் இருந்தால் அந்தக் கட்டத்தைக் கைபேசியில் படம் பிடித்து எழுதுங்கள் என்று சதுரப் புள்ளிகள் அச்சடித்த அட்டையைக் காட்டினான். எழுதினேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதுவது என் பழக்கம். ஒன்று, படத்திலிருப்பவர் உயிரோடு இருக்கும் ஒரு பெண். இரண்டு, அவரிடம் அனுமதி கேட்கவில்லை. மூன்று, அவர் சமயத்தில் அந்த உணவு விலக்கு. நான்கு, குமிழியும் படமும் இந்த வாரமே நீக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக ஊத்தப்பம் வேகாததையும் சேர்த்தேன், அது பொய்யில்லை என்பதால்.

மறுநாளே பதில். 'உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி! இந்தச் செய்தியைக் காட்டினால் ஐஸ் எலுமிச்சைத் தேநீர் இலவசம்.'

மூன்றாவது முறை போனேன். "ஹாய் சிஸ், ஃபர்ஸ்ட் டைமா?" இந்த முறை ஜன்னல் கட்டையில் கையூன்றி நின்றுகொண்டேன். பின்னால் வரிசை முனகியது. மாட்டிறைச்சி, படம், இந்து, கோயில் என்று நான்கு சொல்லாகச் சுருக்கிச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஓ! சிஸ் கவலப்படாதீங்க லா. எங்க சப்ளையர் எல்லாம் ஹலால். பன்றி இல்ல, கொழுப்பு இல்ல. நெறைய பேரு கேக்கறாங்க. நான் ஸ்டிக்கர் போட்டுடறேன், பெருசா."

இந்த நாட்டில் சாப்பாட்டைப் பற்றி யார் எந்தப் புகார் சொன்னாலும் அது ஹலால் புகார்தான் என்று அவன் மூளையில் ஒரே ஒரு கம்பி இழுத்திருக்கிறார்கள். அவனும் தமிழன், மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்ட தலைதான் அது. ஆனால் தன் வண்டியில் தானே ஒட்டிய பொட்டை அவன் பார்க்கவில்லை. பொட்டு அவனுக்கு அலங்காரம். பகோடா மாதிரி, யானை மாதிரி.

சொன்னபடி செய்தான். ஸ்டிக்கர் வந்தது. 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று பச்சை வட்டத்தில், சரசு அக்காவின் தாவாங்கட்டைக்குக் கீழே, பதக்கம் குத்தின மாதிரி.

அதே வாரம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கமான சடங்குகள்தான்: ஒரு நகல் குறைவு, ஒரு முத்திரை தப்பான பக்கம், நான் பேசிய மலாயைக் கேட்டு முகப்பில் இருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி போடாத என் பழைய படத்தையும் கண்ணாடி போட்ட என்னையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். மறுபடி பார்த்தாள். ஊரில் இருந்தபோது இதை அவமானம் என்று எழுதியிருப்பேன். அன்று எனக்கு அது மரியாதையாகப் பட்டது. ஒரு படத்தையும் ஒரு ஆளையும் சேர்த்துப் பார்க்கிற ஒருத்தியாவது இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறாள்.

கரூரில் எங்கள் தெரு முனையில் பரோட்டா போடுகிற அண்ணன் எந்த முகத்தையும் மறக்க மாட்டார். அதைப் புகழ்ந்து சொல்லவில்லை. நான் யாரோடு வந்து முட்டை பரோட்டா சாப்பிட்டேன் என்று என் அப்பாவிடம் அவர்தான் போய்ச் சொன்னார். அந்தக் கண்களிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் கடல் தாண்டினேன். தப்பித்து வந்து சேர்ந்த இடம் கெவினின் வண்டி.

5

திருவிழாவுக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. கோயில் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்லும்போது பெண்கள் சிரித்தார்கள். மாணிக்கம் சிரிக்கவில்லை.

"அப்ப படம் இருக்குதான?"

சரசு அக்கா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணே, அது நான்னு யாரு சொல்றா?"

"நான் சொல்றேன். கண்ணால பாத்தேன்."

"நீங்க சொன்னா போதுமா? லோரிக்காரன் ஒட்டினவன். அவன் வாயால சொல்லட்டும், இவதான் அந்தப் பொம்பளன்னு. சொல்லிட்டான்னா கழட்டி வெச்சிடறேன் காப்ப."

கோபத்தில் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள், விட்டுடு சரசு என்று. மாணிக்கத்துக்கோ வெல்லம் கிடைத்த மாதிரி. "சரி, வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்," என்றார்.

அவர்கள் பயந்தபோது நான் பயப்படவில்லை. என் தொழிலில் ஒரு பாடம் உண்டு: சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் காட்டுகிற உணரிதான் ஆபத்து. எப்போதும் தப்பாகவே காட்டுகிற உணரியை நம்பி தைரியமாக வேலை செய்யலாம். கெவினை மூன்று முறை சோதித்துவிட்டேன்.

அக்கா எல்லை தாண்ட முடியாது, ஆகவே வண்டி வர வேண்டும். விழாக்களுக்கு வண்டியை அழைக்க அவர்களிடம் ஒரு பக்கம் இருந்தது. என்ன நிகழ்ச்சி என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது: பிறந்தநாள், திருமணம், நிறுவன ஒன்றுகூடல். கோயில் என்று ஒரு வாய்ப்பு இல்லை. நிறுவன ஒன்றுகூடலைத் தேர்ந்தெடுத்தேன். இடம் பார்க்க மட்டும் வர வேண்டும், வண்டியில் எந்த இறைச்சியும் இருக்கக் கூடாது என்று எழுதினேன். 'பன்றி இல்லை, ஓக்கே!' என்று பதில் வந்தது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்ற ஆசையிலேயே வந்திருப்பான்.

6

மறுநாள் காலை வெறும் வண்டியாக வந்தது. கோயில் முன்னால் உள்ள திடலில் நிறுத்தினான். மாணிக்கமும் கோயில் ஆட்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி அடைக்கும் பிரிவிலிருந்து பெண்கள் தேநீர் இடைவேளைக்கு வந்திருந்தார்கள்.

கெவின் இறங்கி என்னிடம் வந்தான். "ஹாய் சிஸ், நம்ம ஃபர்ஸ்ட் டைம் மீட் பண்றோம்ல?" என்றான். ஆமாம் என்றேன்.

சரசு அக்கா முன்னால் வந்தாள். குளிர்ச் சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வண்டிக்குப் பின்னால் போய்த் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். பொட்டு, மச்சம், நடுக்கல் இல்லாத மூக்குத்தி. எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. என் கணக்கின்மேல் எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பொருத்தத்தை ஒரு மாடு பார்த்தால்கூடக் கண்டுபிடித்திருக்கும்.

கெவின் கைபேசியை உயர்த்தினான். மலைச்சரிவு, கோயில் கோபுரம், வண்டி எல்லாம் சட்டத்துக்குள் வரப் பின்னால் பின்னால் நடந்தான். பிறகு கையை வீசினான்.

"ஆன்ட்டி! ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க லா. படத்த மறைக்கறீங்க."

அக்கா தள்ளவில்லை. மாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"தம்பி, இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"மாடல் அங்கிள். டிசைனர் நெட்ல எடுத்தது."

"நல்லா பாத்து சொல்லு. இந்தம்மாதான?"

கெவின் பார்த்தான். நான் அறிந்தவரை ஒரு மனித முகத்தை அவன் நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை. பெட்டிப் பிரிவின் நீலச் சட்டை, ரப்பர் செருப்பு, நரைத்த முன்முடி. அவ்வளவு தூரம் போன கண், மூக்குவரை போகவில்லை.

"இந்த ஆன்ட்டியா?" சிரித்துவிட்டான். "அங்கிள், காலையிலயே ஜோக் அடிக்காதீங்க லா. அது மாடல். இவங்க எஸ்டேட் ஆன்ட்டி."

திடலில் முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள், தோளில் தோள் இடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. கெவினும் சேர்ந்து சிரித்தான், தன் நகைச்சுவைக்கு என்று நினைத்துக்கொண்டு.

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?" என்றாள் சரசு அக்கா. "ஒட்டினவனே இல்லங்கறான்."

மாணிக்கம் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சரி சரி. தூக்கு," என்றார்.

"தூக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நேத்து வரைக்கும் நானே பாக்காத லோரிய நீங்க எப்பிடி அவ்ளோ கிட்டப் பாத்தீங்க?"

"வழியில போறப்ப..."

"பின்னாடி ஒட்டியிருக்கறது வழியில போறவங்களுக்குத் தெரியாதாமே. சாப்ட்டுட்டுத் தட்டு போடப் போனாத்தான் தெரியுமாம். தங்கச்சி சொன்னா."

"நான் கோழிதான் சாப்ட்டேன்!" என்று மாணிக்கம் கத்தினார். ஒருவரும் கேட்காமலே வந்த அந்தப் பதிலைத் திருவிழா முடியும்வரை தோட்டம் பாதுகாத்து வைத்திருந்தது. அவர் எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகள் கொக்கரித்தார்கள்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொள்ள விரும்புகிறேன். அக்கா அது நானில்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லாதபடி கெவின் அவளைக் காப்பாற்றினான். ஒருவரை ஒருபோதும் பார்க்காமல் இருப்பதால் ஒரு நன்மையும் நடக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அன்று மாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, ஈரக் கையாலேயே முன்முடியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, அது நான்தானே?"

"நீங்கதான்க்கா."

"அப்ப அவன் ஏன் அப்பிடிச் சிரிச்சான்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

7

திருவிழா நன்றாக நடந்தது. ஓடைக்கரையிலிருந்து தேயிலைச் சரிவு வழியாக அக்கா கரகத்தோடு நடந்து வந்தாள். பூவும் வேப்பிலையும் அவளைவிட உயரமாக இருந்தன. கை பிடிக்காமலே அது நின்றது. வாசல்தோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஈப்போவிலிருந்து வந்திருந்த பவானி நேரடி ஒளிபரப்புச் செய்தாள். பேரன் காதைப் பொத்திக்கொண்டு மலாயில் வீட்டுக்குப் போகலாம் என்று அழுதான். கரகம் கோயிலில் இறங்கியதும் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டாள். மூன்று வருடத்துக் கணக்கு முடிந்தது.

காப்பு அவிழ்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிப் பிரிவில் அட்டைப்பெட்டிகளுக்கு எண் போடும் தடித்த கறுப்பு மைக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினாள்.

"கெளம்பு தங்கச்சி. அந்த லோரிக்குப் போலாம்."

கியா பார்ம் சாலையில் வழக்கமான நெரிசல். வண்டியின் முன் வரிசை நின்றது. அக்கா என்னை வரிசையில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனாள். குப்பைத்தொட்டி மேடையில் ஏறி நின்று, அந்த வெள்ளைக் குமிழியை ஓரத்திலிருந்து தொடங்கி ஒழுங்காக, பெட்டிக்கு எண் போடுகிற அதே நிதானத்தோடு, கறுப்பாக்கினாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பிறகு தாவாங்கட்டையில் இருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். சுற்றுலாப் பயணிகள் இதைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண், "நைஸ்," என்றாள். வண்டிக்காரன் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

முகத்தை அவள் தொடவில்லை. தொடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் அதற்கு நேராக நின்று பார்த்தாள், மூக்குத்திப் பள்ளத்தை விரலால் தடவினாள், மைக்கோலை மூடினாள்.

வரிசையில் எங்கள் முறை வந்தபோது அவளும் வந்து சேர்ந்திருந்தாள். விரல் நுனிகள் கறுப்பாக இருந்தன.

"வெறும் தோசை ஒண்ணு குடுப்பா. நல்லா வேகட்டும்."

கெவின் திரையைத் தட்டினான். "ஓக்கே ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் டைமா?"

"இல்லடா தம்பி," என்றாள் சரசு அக்கா. "டெய்லி இங்கதான் நிக்கிறேன்."

"வெல்கம் ஆன்ட்டி," என்றான் அவன், தலை நிமிராமல். "நெக்ஸ்ட்!"